பென்னியை வைத்திருந்தது சரி. பத்தாம் இலக்கச் சட்டைதான் கேள்வி

கல்லடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "என் மச்சான் நியூசிலாந்தில், கிறைஸ்ட்சேர்ச் நகரத்தில் இருக்கிறார். அவரால்தான் குருசேடர்ஸ் அணியின் றக்பி ஆட்டங்களைப் பார்க்கத் தொடங்கினேன். பெப்ரவரியில் அவர்கள் ஆடும் சூப்பர் றக்பித் தொடரின் 2026ஆம் ஆண்டுப் பருவகாலம் ஆரம்பமாகிறது. பத்தாம் இலக்கத்தில் ஆடிய ஜேம்ஸ் ஓகொனர் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். அதே இடத்தில் முன்பு ஆடிய றிச்சி மோவுங்கா இந்த அணிக்குத் திரும்பி விளையாட 2027 ஆகும். 2024இல் அணியை ஒன்பதாம் இடத்துக்கு இறக்கிய அதே றொப் பென்னிதான் இன்னும் தலைமைப் பயிற்றுவிப்பாளர். அவரை அனுப்பிவிட்டு இளையவர் ஒருவரைக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று மச்சானும் அவருடைய நண்பர்களும் சொல்கிறார்கள். உங்கள் கருத்து என்ன? இந்த முறை எந்த வீரர்களைக் கவனிக்க வேண்டும்?"

தம்பி, முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பென்னியை வைத்திருந்தது சரி. முன்வரிசை வலுவாக இருக்கும்வரை இந்த அணி எந்த அணியையும் எதிர்த்து நிற்கும். ஆனால் ஆட்டத்தை வழிநடத்துபவர் அணியும் பத்தாம் இலக்கச் சட்டை யாருடைய முதுகில் நிலைக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கிண்ணம் மறுபடி வருமா என்பது தெரியும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குவதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

மட்டக்களப்பில் பிறந்தவனுக்கு றக்பி எப்படித் தெரியும் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இங்கே நாங்கள் கண்டது உதைபந்தாட்டமும் கூடைப்பந்தாட்டமும் கிரிக்கெட்டும்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன பிறகுதான் றக்பிப் பந்தை முதன்முதலாகக் கையில் தொட்டேன். சனி, ஞாயிறுகளில் அறை நண்பர்களோடு கண்டியில் இருக்கும் நித்தவெல மைதானத்துக்குப் போவோம். கண்டி விளையாட்டுக் கழகத்தின் சொந்த மைதானம் அது. பிறகு ஆசிரியராகி, பாடசாலைகளில் நீண்ட காலம் விளையாட்டுப் பொறுப்பாசிரியராக இருந்தேன். என் பிள்ளைகள் விளையாடியது வேறு விளையாட்டுகள். ஆனால் ஓர் அணி எப்படிக் கட்டப்படுகிறது, எப்படி உடைகிறது என்று நான் யோசிக்கும்போதெல்லாம் நித்தவெலதான் நினைவுக்கு வரும்.

இப்போது 2023க்கு வருவோம். அந்த ஆண்டு ஹமில்டன் நகரத்தில் சீஃப்ஸ் அணியை 25க்கு 20 என்று வென்று குருசேடர்ஸ் கிண்ணம் எடுத்தது. ஸ்கொட் றொபேர்ட்சன் பயிற்றுவிப்பாளராக இருந்த ஏழு ஆண்டுகளில் அது ஏழாவது கிண்ணம். ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை. வெற்றிக்குப் பிறகு மைதானத்தில் தலைகீழாகச் சுழன்று நடனமாடும் அந்த மனிதரை நீங்களும் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். அதன்பின் அவர் தேசிய அணியின் பொறுப்பை ஏற்கப் போனார். அவரோடு யார் யார் போனார்கள் என்பதைத்தான் பலர் மறந்துவிட்டார்கள். ஆட்டத்தை நடத்திய மோவுங்கா ஜப்பானுக்குப் போனார். பக்கக் கோட்டிலிருந்து எறியும் பந்தை உயர எழும்பிப் பிடிக்கும் லைன் அவுட்டின் தூணாக இருந்த சாம் வைட்லொக் பிரான்சுக்குப் போனார். லெஸ்டர் ஃபைங்கானுக்கு என்ற வீரர் அதே நாட்டின் டூலோன் கழகத்துக்கும், நடுக்களத்தில் ஆடிய ஜாக் குட்ஹியூ காஸ்ட்ர் கழகத்துக்கும் போனார்கள். எஞ்சியவர்களிலும் வில் ஜோர்டன் தோள்பட்டைச் சத்திரசிகிச்சையால் 2024 பருவகாலம் முழுவதும் ஆடவில்லை. முன்வரிசையின் நடுவே நிற்கும் கோடி டெய்லர் ஆரம்ப வாரங்களில் விடுப்பில் இருந்தார். மோவுங்காவின் இடத்துக்கு வர வேண்டிய பேர்கஸ் பேர்க்கும் காயத்தால் ஆரம்பத்தில் இல்லை.

ஒரு வீட்டின் நடுத்தூணையும் இரண்டு வளைகளையும் கழற்றி எடுத்துவிட்டு, புதிதாக வந்த மேசனைப் பார்த்து "ஏன் கூரை சரிகிறது?" என்று கேட்டால் என்ன நியாயம்? பென்னி அந்த நிலையில்தான் பொறுப்பெடுத்தார். முதல் ஐந்து ஆட்டங்களும் தோல்வி. ஆறாவது சுற்றில் சீஃப்ஸ் அணியை வென்றதுதான் முதல் வெற்றி. பருவகால முடிவில் 14 ஆட்டங்களில் நான்கே வெற்றி, ஒன்பதாம் இடம், இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி இல்லை. கிறைஸ்ட்சேர்ச்சில் கோபம் வந்தது இயல்புதான். ஏழு ஆண்டுகள் தொடர்ந்து கிண்ணம் பார்த்த கண்ணுக்கு நான்கு வெற்றி எப்படிப் போதும்?

ஆனால் கழகம் பதறவில்லை. 2025இல் அதே பென்னி, அதே அணி. 14 ஆட்டங்களில் 11 வெற்றி, புள்ளிப் பட்டியலில் இரண்டாம் இடம். காலிறுதியில் குயின்ஸ்லாந்து றெட்ஸ் அணியையும் அரையிறுதியில் புளூஸ் அணியையும் வென்று, ஜூன் 21ஆம் திகதி இறுதி ஆட்டத்தில் சீஃப்ஸ் அணியை 16க்கு 12 என்று வென்றார்கள். அந்தச் சனிக்கிழமை எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இங்கே பகல் 12.35. கச்சான் காற்று வெளி விறாந்தையில் புழுதியை அள்ளி எறிந்துகொண்டிருந்தது. அங்கேயோ குளிர்காலத்து இரவு. ஸ்கிறம் என்ற தோள் முட்டல் கலையும்போது வீரர்களின் தோள்களிலிருந்து ஆவி எழுந்தது. கைத்தொலைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டு, கடைசிப் பத்து நிமிடமும் நின்றபடியே பார்த்தேன். முன்னிலை நான்கே புள்ளி. ஒரேயொரு ட்ரை, அதாவது எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தை நிலத்தில் வைத்து எடுக்கும் ஐந்து புள்ளி, விழுந்தால் எல்லாம் போய்விடும். விழவிடவில்லை.

அந்த இறுதி ஆட்டம் கிறைஸ்ட்சேர்ச்சில் நடந்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. பட்டியலில் முதலிடம் பெற்றிருந்த சீஃப்ஸ் காலிறுதியில் தன் சொந்த மண்ணில் புளூஸ் அணியிடம் 20க்கு 19 என்று தோற்றது. காலிறுதியில் தோற்றவர்களில் பட்டியலில் முன்னால் இருந்தபடியால் அரையிறுதிக்கு வந்தாலும், சொந்த மைதானத்தில் இறுதி ஆட்டத்தை நடத்தும் உரிமையை இழந்தது. அந்த ஒரு புள்ளிதான் இறுதி ஆட்டத்தைக் கிறைஸ்ட்சேர்ச்சுக்குக் கொண்டுவந்தது. சொந்த மண்ணில் நடந்த இறுதிச் சுற்று ஆட்டம் எதிலும் அதுவரை தோற்றிராத அணிக்கு அதைவிட என்ன வேண்டும்? இதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். 2025இல் பென்னிக்குத் திறமையோடு கொஞ்சம் நல்ல காலமும் சேர்ந்தது.

இனி உங்கள் மச்சானுக்கு நேரடியாக ஒரு பதில். பென்னியை இதே நிலையில் ஏற்கனவே ஒரு கழகம் அனுப்பியிருக்கிறது. 2021இல் அவர் சிட்னியின் வரட்டாஸ் அணிக்குப் பயிற்றுவிப்பாளராக இருந்தார். அங்கும் அனுபவசாலிகள் பலர் போய்விட்டார்கள். இருந்தவர்களில் பலர் பையன்கள். அங்கும் முதல் ஐந்து ஆட்டங்கள் தோல்வி. உடனே அவரை நீக்கினார்கள். அதன் பிறகு அணி நிமிர்ந்ததா? அந்த ஆண்டு விளையாடிய 13 ஆட்டங்களிலும் வரட்டாஸ் தோற்றது. மூன்று ஆண்டுகள் கழித்து, அதே மனிதர், அதே ஐந்து தோல்விகள். குருசேடர்ஸ் நீக்கவில்லை. அடுத்த ஆண்டு கிண்ணம். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று மச்சானிடம் சொல்லுங்கள். இதைவிடப் பெரிய வாதம் என்னிடம் இல்லை.

பென்னி யாரோ வெளியாளும் அல்லர். கிறைஸ்ட்சேர்ச் இருக்கும் கன்ரபரி மாகாணத்தின் அணிக்காகத் தானே விளையாடியவர். அந்த அணியின் பயிற்றுவிப்பாளராக 2008 முதல் 2011 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகளும் தேசிய மாகாணக் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தவர். அந்த நான்காவது ஆண்டில்தான் கிறைஸ்ட்சேர்ச்சை நிலநடுக்கம் உலுக்கியது என்பதை மறக்கக்கூடாது. பிறகு அயர்லாந்தில் மன்ஸ்டர் அணியை 2013, 2014 இரண்டு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கிண்ண அரையிறுதிவரை கொண்டுபோனார். இவருக்குக் காலம் கொடுத்த இடங்களில் அணி வளர்ந்திருக்கிறது.

காலம் கொடுப்பது என்றால் என்ன என்று மட்டக்களப்பாருக்கு நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வெபர் மைதானத்தின் வழியாகப் போகும்போது அந்தப் பெயருக்கு உரியவரை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பக்கத்திலிருந்து வந்த இயேசு சபைத் துறவி அருட்தந்தை ஹரல்ட் வெபர். புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளையும் ஊர்ப் பிள்ளைகளையும் ஓடவும் பாயவும் பழக்கி, இந்த ஊருக்கு ஒரு மைதானம் வேண்டும் என்று பாடுபட்டவர். அதே சபையைச் சேர்ந்த அருட்தந்தை யூஜின் ஹீபர்ட் 1948இல் இலங்கைக்கு வந்தார். மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்தாட்டத்துக்கு நாடு முழுவதும் இருந்த பெயருக்குப் பின்னால் அவர் இருந்தார். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில், கூட வந்த பையனோடு அவர் காணாமல் ஆக்கப்பட்டார். இன்றுவரை திரும்பவில்லை. அவரைப் பற்றி எழுதும்போது கை சற்று நின்றுதான் போகிறது. இந்த இருவரும் ஒரு பருவகாலத்துக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு வந்தவர்கள் அல்லர். பத்து வயதுப் பையன் ஒருவன் கையில் பந்தைக் கொடுத்து, அவன் பதினெட்டு வயதில் எப்படி ஆடுவான் என்று பார்த்துக்கொண்டிருக்க அவர்களுக்குக் காலம் இருந்தது. அந்தக் காலத்திலிருந்துதான் அந்த அணிகள் பிறந்தன.

நேர்மாறானதையும் கண்டிருக்கிறேன். நான் கற்பித்த ஒரு பாடசாலையில் ஐந்து ஆண்டுகளில் நான்கு உதைபந்தாட்டப் பயிற்றுவிப்பாளர்கள் மாறினார்கள். முதலாமவர் நீளமாக உதைக்கச் சொன்னார். இரண்டாமவர் காலடியில் வைத்துக் கடத்தச் சொன்னார். மூன்றாமவர் இரண்டும் பிழை என்றார். நான்காமவர் வந்தபோது, பந்து கிடைத்ததும் பிள்ளைகள் பந்தைப் பார்க்காமல் கோட்டுக்கு வெளியே நிற்கும் ஆசிரியரின் முகத்தைப் பார்த்தார்கள். பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிரிவில் அன்று ஐந்து கோல் வாங்கினோம். ஐந்தும் அப்படித் தயங்கி நின்ற அந்த ஒரு நொடியில் விழுந்தவை.

இனி வீரர்கள். மச்சானும் நண்பர்களும் பக்கக் கோட்டோரம் ஓடும் விங் ஆட்டக்காரர்களைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள் என்று நினைக்கிறேன். ஓட்டம் கண்ணுக்கு அழகு. நீங்கள் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய இலக்கங்களைப் பாருங்கள். ஸ்கிறம் என்பது எட்டுப் பேருக்கு எட்டுப் பேர் தோள் கோத்து முட்டித் தள்ளுவது. அதன் முன்வரிசையில் நிற்கும் மூவர்தான் ஆட்டத்தின் அத்திவாரம். தொலைக்காட்சியில் அது ஒரு குவியலாகத்தான் தெரியும். நித்தவெலவில் ஒருநாள் மழை விட்ட கையோடு கோட்டுக்கு மிக அருகில் நின்று பார்த்தேன். எனக்குப் பத்தடி தூரத்தில் ஸ்கிறம் கோத்தார்கள். இரு தரப்பும் மோதியபோது லொறியிலிருந்து நெல் மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம். இடப்பக்க முன்வரிசைக்காரரின் சப்பாத்து நிலத்தில் ஊன்றியபோது புல்லோடு மண் ஒரு சாண் அகலத்துக்குப் பாளமாகப் பெயர்ந்து, மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. அவர் முழங்கால் நடுங்கியது. கழுத்து நரம்பு விரல் தடிப்பில் புடைத்திருந்தது. பாளம் நகர்வது நின்ற கணத்தில் எதிரணியின் மூன்றாம் இலக்கக்காரர் மேல்நோக்கி எழும்பிவிட்டார். நடுவரின் கை உயர்ந்தது, பெனல்டி. அரங்கில் பாதிப் பேருக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. அந்த ஒரு சாண் மண் என் மனதில் பதிந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்த அணியைப் பற்றிப் பேசினாலும் நான் முதலில் கேட்பது அந்த மூவரைப் பற்றித்தான்.

குருசேடர்ஸ் அணியில் அந்த மூவர் டமாய்ட்டி வில்லியம்ஸ், கோடி டெய்லர், ஃப்ளெச்சர் நியூவெல். மூவரும் தேசிய அணி வீரர்கள். டெய்லர் 2025இல் தன் 100ஆவது டெஸ்ட் ஆட்டத்தைக் கண்டவர். 2024இல் நொறுங்கிய அணி 2025இல் எழுந்ததற்குப் பென்னியின் பொறுமையோடு இந்த மூவரின் தோள்களும் காரணம். ஒவ்வொரு வாரமும் அணி விபரம் வெளிவந்தவுடன் முதல் மூன்று பெயர்களை வாசியுங்கள். மூவரும் இருந்தால் நம்பிக்கையோடு பாருங்கள். இருவர் இல்லையென்றால் அன்று ஆட்டம் கடினம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் இலக்கத்தில் கிறிஸ்டியன் லியோ-வில்லி எனக்கு மிகவும் பிடித்தவர். பல் வைத்தியராகப் படித்துப் பட்டம் பெற்றவர். 2025இல்தான் தேசிய அணிக்கு முதன்முதலாக ஆடினார். ஸ்கிறமின் பின்னாலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு முதல் ஐந்து மீற்றரை வெட்டிக் கொடுக்கிற அந்தக் கடும் உழைப்பை அவர் முகம் சுளிக்காமல் செய்கிறார். பிள்ளைகள் படிப்பா, விளையாட்டா என்று பெற்றோர் என்னிடம் வாதாட வரும்போது இனி இவருடைய பெயரைத்தான் சொல்லப் போகிறேன்.

ஒன்பதாம் இலக்கத்தில் கவலை குறைவு. நோவா ஹோதம் இருக்கிறார். 2025 முதல் ஆட்டத்தில், தன் அறிமுக ஆட்டத்திலேயே, மூன்று ட்ரை வைத்த கைல் பிரெஸ்டனும் இருக்கிறார். இருவரில் யார் தொடங்கினாலும் மற்றவர் கடைசி இருபத்தைந்து நிமிடத்துக்குப் புதுக் காலோடு வருவார்.

பத்தாம் இலக்கம்தான் சிக்கல். பந்து கைக்கு வந்ததும் ஓடுவதா, கொடுப்பதா, உதைப்பதா என்று தீர்மானிப்பவர் அந்த இலக்கக்காரர். அணியின் தலை என்றே சொல்லலாம். மோவுங்கா போன பிறகு அந்த இடத்தில் டாஹா கெமாரா, றிவெஸ் றெய்ஹானா என்ற இரு இளைஞர்கள் மாறி மாறி ஆடுகிறார்கள். 2025இல் பென்னி செய்த மிகப் புத்திசாலித்தனமான காரியம், இந்த இருவருக்கும் பின்னால் ஓகொனரைக் கொண்டுவந்து வைத்தது. 18 வயதில் அவுஸ்திரேலியாவுக்கு ஆடத் தொடங்கி, வாழ்க்கையில் மேடு பள்ளம் எல்லாம் கண்டு, 34 வயதில் நியூசிலாந்துக் கழகம் ஒன்றுக்கு வந்தவர். பென்னி அவரைப் பெரும்பாலும் தொடக்கத்தில் இறக்கவில்லை. இளைஞர்கள் ஓடிக் களைத்து, ஆட்டம் நூலில் தொங்கும் நேரத்தில் இறக்கினார். ஓகொனர் வந்ததும் ஆட்டத்தின் மூச்சே மாறும். அவசரம் போய்விடும், பந்து எங்கே போக வேண்டுமோ அங்கே போகும். அதே ஆண்டு ஓகஸ்டில் ஜொஹனஸ்பேர்க்கின் எல்லிஸ் பார்க் மைதானத்தில் தென்னாபிரிக்கா 22க்கு 0 என்று முன்னிலை பெற்ற பிறகு அவுஸ்திரேலியா 38க்கு 22 என்று வென்றதே, அந்த ஆட்டத்தில் பத்தாம் இலக்கத்தில் நின்றவர் இவர்தான். அப்படிப்பட்ட நிதானம் இப்போது லெஸ்டர் டைகர்ஸ் கழகத்துக்குப் போய்விட்டது.

அந்த வெற்றிடத்தை யார் நிரப்புவது? என் எண்ணத்தைச் சொல்கிறேன். இருவரையும் மாறி மாறிச் சோதிக்கும் காலம் முடிந்துவிட்டது. பென்னி ஒருவரைத் தேர்ந்து, அவர் இரண்டு ஆட்டத்தில் சொதப்பினாலும் மூன்றாம் ஆட்டத்திலும் இறக்க வேண்டும். தனக்குக் கழகம் கொடுத்த பொறுமையை அவர் அந்தப் பையனுக்குக் கொடுக்க வேண்டும். நான் தேர்ந்தால் கெமாராவைத்தான் தேர்வேன். பாதுகாப்பு வரிசைக்கு மிக அருகே போய்ப் பந்தைக் கொடுக்கும் துணிச்சல் அவரிடம் அதிகம் என்பது என் கண்ணுக்குப் படுவது. றெய்ஹானாவின் உதை நிதானமானது. ஓகொனர் செய்த முடித்துவைக்கும் வேலையை அவர் பழகலாம். அணித்தலைவர் டேவிட் ஹவிலி பன்னிரண்டாம் இலக்கத்தில் பக்கத்திலேயே நிற்கிறார். பத்திலும் பதினைந்திலும் ஆடிப் பழகியவர் அவர். பையன் தடுமாறும் நேரத்தில் உதைக்கும் பொறுப்பை இரண்டு மூன்று தடவை தன் கையில் எடுத்துக்கொண்டால் போதும், பாரம் பாதியாகும்.

மோவுங்கா திரும்புகிறார் என்ற செய்தி இங்கே நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே கொண்டுவந்திருக்கிறது. ஜப்பானில் பிரேவ் லூபஸ் அணியோடு இரண்டு தடவை தொடர்ந்து கிண்ணம் எடுத்தவர், இரண்டாவது இறுதி ஆட்டத்தைக் கை எலும்பு முறிந்த நிலையில் ஆடி முடித்தவர். அவர் வரப்போகிறார் என்றால் யாருக்குத்தான் மகிழ்ச்சி இராது? ஆனால் இருபத்து மூன்று வயதுப் பையன் ஒருவனுக்கு, இந்தச் சட்டை உனக்கு ஓர் ஆண்டுக்குத்தான் என்று ஊரே சொல்லும்போது அவன் மனம் என்ன பாடுபடும்? ரசிகர்கள் இந்த ஒரு விஷயத்தில் வாயைக் காக்க வேண்டும். கெமாரா ஓர் உதையைத் தவறவிட்டவுடன் மோவுங்காவின் பெயரைச் சொல்லிக் கத்தாதீர்கள் என்று மச்சானிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்லுங்கள்.

பின்வரிசை பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. வில் ஜோர்டன் இருக்கிறார்; அவர் எந்த இடைவெளியையும் கண்டுபிடிப்பார். லெஸ்டர் ஃபைங்கானுக்கு என்ற அந்த வீரரும் பிரான்சிலிருந்து திரும்பிவிட்டார். விங்கிலும் நடுக்களத்திலும் ஆடக்கூடிய முரட்டுப் பலம். இவர்களுக்குப் பந்து போய்ச் சேர்ந்தால் ட்ரை வரும். பந்து போய்ச் சேருமா என்பதுதான் இவ்வளவு நேரமும் நான் எழுதியது.

மைதானம் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பருவகாலத்தில் உண்மையிலேயே புதியது அதுதான். 2011 பெப்ரவரி 22ஆம் திகதி நிலநடுக்கத்தில் கிறைஸ்ட்சேர்ச்சின் பழைய லங்காஸ்டர் பார்க் மைதானம் சேதமடைந்தது, பிறகு இடிக்கப்பட்டது. அந்த ஆண்டு குருசேடர்ஸ் சொந்த மைதானம் இல்லாமல் ஊர் ஊராக அலைந்து ஆடியது. ஓர் ஆட்டத்தை லண்டன் வரை போய் ஆடியது. அப்படியிருந்தும் இறுதி ஆட்டத்துக்கு வந்து, பிரிஸ்பேனில் றெட்ஸ் அணியிடம் 18க்கு 13 என்று தோற்றது. கிண்ணம் எடுத்த பல ஆண்டுகளைவிட அந்தத் தோல்வி ஆண்டின் அணியைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். 2004 டிசம்பருக்குப் பிறகு கல்லடி, நாவலடிப் பிள்ளைகள் புதைமணலாகிப் போன கரையில் நான்கு தடி நட்டு மறுபடி பந்து உதைத்ததைப் பார்த்தவன் நான். வீடிழந்த ஊருக்கு ஓர் ஆட்டம் என்ன கொடுக்கும் என்பது எனக்குத் தெரியும். 2012இல் அடிங்டன் பகுதியில் தற்காலிகமாக ஒரு மைதானம் எழுப்பினார்கள். கூரையில்லாத, குளிர் ஊசியாய் இறங்கும் அந்தத் தற்காலிக இடத்தைச் சொந்த மைதானமாக வைத்துக்கொண்டுதான் இத்தனை ஆண்டுகளும் இந்தக் கிண்ணங்களை எடுத்தார்கள்.

இப்போது நகரத்தின் நடுவே, கூரையோடு, 30,000 பேர் அமரும் டெ காஹா மைதானம் எழுந்திருக்கிறது. ஏப்ரல் கடைசியில் திறக்க இருக்கிறார்கள். எல்லோரும் மகிழ்ச்சியாகப் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் ஆட்டம் தெரிந்தவர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அடிங்டனில் மழையும் பனியும் பந்தை வழுக்க வைத்தன. வெளியூர் அணிகள் பந்தைத் தவறவிட, ஒவ்வொரு தவறும் ஒரு ஸ்கிறம் ஆனது. ஸ்கிறம் நம்முடைய பலம். கூரைக்குக் கீழே பந்து உலர்ந்திருக்கும், கை பிடிக்கும், ஆட்டம் வேகமாக ஓடும். வேகமாக ஓடும் அணிகளுக்கு அங்கே விளையாடப் பிடிக்கும். ஆகவே முன்வரிசையின் பலத்தில் மட்டும் சாய்ந்திருக்க முடியாது. பத்தாம் இலக்கம் வளர்ந்தாக வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிண்ணம் வருமா என்றும் நீங்கள் யோசிப்பீர்கள். அரையிறுதிக்கு வருவார்கள் என்று துணிந்து சொல்கிறேன். அதற்கு மேல் போவது, மே மாதத்தில் கெமாராவோ றெய்ஹானாவோ எப்படி நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. சீஃப்ஸ் இறுதி ஆட்டங்களில் தோற்றுத் தோற்றுக் காயம்பட்ட அணி. அவர்களை யாரும் குறைவாக எண்ண வேண்டாம்.

ஆட்டம் பார்க்கும் நேரத்துக்கு ஒரு குறிப்பு. கிறைஸ்ட்சேர்ச்சில் இரவு 7.05க்குத் தொடங்கும் ஆட்டம் பெப்ரவரி, மார்ச்சில் இங்கே முற்பகல் 11.35. ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமையோடு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னால் தள்ளிவிடுவார்கள். அதன் பிறகு நமக்குப் பகல் 12.35. வெள்ளிக்கிழமை ஆட்டமென்றால் உங்களுக்கு வேலை நேரம், சனிக்கிழமை என்றால் வசதி.

மச்சான் புதிய மைதானத்துக்குப் போகும் நாளில் அரை மணித்தியாலம் முந்திப் போகச் சொல்லுங்கள். ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடாக்கும்போது பத்தாம் இலக்கக்காரர் கம்பத்துக்கு நேராக நின்று உதைக்கிறாரா, அல்லது பக்கக் கோட்டு ஓரத்துக்கே போய், கோணம் கடினமான இடத்திலிருந்து உதைத்துப் பார்க்கிறாரா என்று கவனித்துச் சொல்லட்டும். தொலைக்காட்சி அதைக் காட்டாது. அவர் என்ன கண்டார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.